என் காருக்கு முளைத்த வால்

காற்றை ஜெயிப்பது என்று முடிவெடுத்தேன். மார்ச் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணிக்கு, பேராதனையில் என் வீட்டு முற்றத்தில் நின்று அந்த முடிவை எடுத்தேன். சாட்சிக்கு யாரும் இல்லை. மனைவி குசினியில் இருந்தாள். காற்றுக்கு இன்னும் விஷயம் தெரியாது.

முதலில் என்னைப் பற்றி. பெயர் ஜனார்த்தனன். நில அளவைப் படம் வரைகிற அரசாங்க உத்தியோகம். சொந்தமாக ஒரு சின்னக் கார். அதில் நாலு பேர் ஏறலாம், நாலு பேரும் மூச்சை வெளியே விட்டுவிட்டு ஏறினால். ஏழு மணிக்குப் பிறகு கெட்டம்பேயிலிருந்து கண்டி டவுனுக்குக் காரில் போகிறவன் மத்தியானச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு போக வேண்டும். போய்ச் சேர்ந்தாலும் நிறுத்த இடம் கிடையாது. ஆகவே நான் ஆறு மணி பஸ்ஸைப் பிடித்து ஒபிசுக்குப் போய்விடுவேன். கிழமை நாட்களில் கார் உறையைப் போர்த்திக்கொண்டு வீட்டில் ஓய்வெடுக்கும்.

என் மனைவி பத்மாதேவி யாழ்ப்பாணத்துக்காரி. கட்டுகஸ்தோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணித டீச்சர். தினமும் தொண்ணூறு கொப்பிகளைக் கட்டித் தூக்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, இரண்டிலும் நின்றுகொண்டே போகிறவள். அவளிடம் மூன்று வருடமாக லைசன்ஸ் இருக்கிறது. காரின் சாவி என்னிடம் இருக்கிறது.

இன்னொரு சாவியும் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் தொலைந்துவிட்டது. இருவருமாகத் தேடினோம். அலுமாரியின் மேல் தட்டில் நான் தேடினேன். அவளுடைய சேலைகள் இருந்த கீழ்த் தட்டில் அவள் தேடினாள். இல்லை என்றாள்.

"இஞ்சேருங்கோ, கார் சும்மாதானே நிக்குது. நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போகட்டே?"

"தேவி, யாழ்ப்பாணத்துல ரோட்டு படுத்திருக்கும். இங்க எழும்பி நிக்கும். உனக்குச் சரிவராது."

"நான் லைசன்ஸ் எடுத்தது இஞ்ச, கண்டியிலயப்பா."

"அது டெஸ்ட். இது ரோட்டு."

மூன்று வருடமாக இந்த நாலு வசனத்தையும் கிழமைக்கு ஒரு தடவை பேசி வந்தோம். மனப்பாடமாகிவிட்டதால் கடைசி வசனத்தைச் சில நாட்களில் எனக்காக அவளே சொல்லிவிடுவாள்.

இப்படி இருக்கும்போதுதான் போனில் ஒரு வெள்ளைக்காரனின் வீடியோ பார்த்தேன். அவன் தன் சின்னக் காருக்கு பிளாஸ்டிக் பலகையில் ஒரு வால் செய்து மாட்டியிருந்தான். கார் போகும்போது முன்னால் காற்று தள்ளுகிறது; பின்னால் வெற்றிடம் உண்டாகிக் காரைப் பிடித்து இழுக்கிறது. மீனைப் போலப் பின்பக்கம் ஒடுங்கியிருந்தால் இழுக்காது, பெற்றோல் மிச்சம். வெளியே போய் என் காரைப் பார்த்தேன். பின்பக்கம் பேக்கரிப் பாணை வெட்டியது போல நேராக வெட்டியிருந்தது. பன்னிரண்டு வருடமாக ஒரு வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன் என்று நினைக்க வயிறு எரிந்தது.

குசினிக்குப் போய்ச் சொன்னேன். தேவி தேங்காய் துருவுவதை நிறுத்தாமல் கேட்டாள்.

"உந்தக் காத்து எந்த வேகத்தில தள்ளும்?"

"எண்பதுக்கு மேல போனா நல்லாத் தெரியும்."

"கண்டியில எண்பதில எது போகுது?"

யோசித்தேன். ரயில்கூடப் போவதில்லை.

"அது விஷயமில்ல தேவி. இது சயன்ஸ். லீற்றருக்கு மூணு கிலோமீற்றர் கூட்டிக் காட்டுறேன். பாக்கிறியா?"

துருவுவதை நிறுத்தினாள். "கூடாட்டி?"

"கூடலன்னா சாவி உனக்கு. பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு போ."

"கூடினால்?"

"இனி ஜென்மத்துக்கும் சாவி கேக்கக் கூடாது."

அவள் கையைக் கழுவிக்கொண்டு வந்து கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சண்டை பிடிப்பாள் என்று பார்த்தேன். சிவப்புப் பேனாவை எடுத்தாள்.

"சரி. ஆனா ஒரு பரிசோதனை எண்டால் அதுக்கு ஒரு முறை இருக்கு. செய்யிற ஆளே அளக்கக்கூடாது. ஆசையில பிழையா வாசிச்சுப்போடுவியள். பெற்றோல் எவ்வளவு அடிச்சது, மீற்றர் எவ்வளவு ஓடினது, ரெண்டையும் நான்தான் பாப்பன். சனிக்கிழமை சனிக்கிழமை விகிதத்தை மட்டும் உங்களுக்குச் சொல்லுவன். ஆறாங் கிழமைக் கணக்குத்தான் முடிவு."

எனக்குக் கண் கலங்கியது. பதினெட்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் என்னுடைய ஒரு யோசனையை அவள் இவ்வளவு மதித்தது அதுதான் முதல் தடவை. அன்றைக்கே காரில் ஏறி, தூரம் காட்டுகிற மீற்றரின் ஆறு எண்களிலும் ஆறு ஒட்டுப்பொட்டு ஒட்டினாள். பெற்றோல் முள்ளுக்கு மட்டும் கலியாண வீட்டுக்கு வைக்கிற பெரிய பொட்டு. வால் இல்லாமல் அளந்தபோது லீற்றருக்குப் பதின்மூன்று கிலோமீற்றர் என்று கொப்பியில் எழுதினாள். பதினாறு வந்தால் நான் ஜெயித்த மாதிரி.

வாலுக்குப் பலகை வேண்டும். எங்கள் ஒழுங்கையின் முனையில் நஸீமின் கராஜ். அதன் பின்னால் போன தேர்தலில் கட்டிய பிளாஸ்டிக் போர்டுகள் அறுபது குவிந்து கிடந்தன. வேட்பாளர் தோற்றுப்போனவர். திருப்பி எடுக்க ஆள் வரவில்லை. எல்லாப் போர்டிலும் ஒரே முகம், ஒரே மீசை, ஒரே சிரிப்பு. கீழே, 'உங்களில் ஒருவன்'.

"சேர், இதுல மூஞ்சி ஈக்கிதே," என்றார் நஸீம்.

"பெயின்ட் அடிச்சா போச்சு நானா. பொங்கலுக்குச் சுவருக்கு அடிச்சது அரை வாளி மிச்சம் இருக்கு."

"செவுத்துப் பெயின்டா? பிளாஸ்டிக்குல நிக்குமா?"

"சுவருல நிக்குதில்ல?"

நஸீம் ஒரு போர்டை உருவி எடுத்தார். ஆனால் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றார். வாலை ஆணி வைத்து இறுக்கக் கூடாதாம். கையாலேயே திருகிக் கழற்றுகிற நட்டுத்தான் போடுவாராம். "பொலிஸ் புடிச்சா ரெண்டு நிமிஷத்துல கழட்டிரலாம் சேர்." பன்னிரண்டு நட்டு. என் காரில் அக்கறையுள்ள இன்னொரு ஜீவன் என்று அவரைப் பற்றி நினைத்தேன். அவருடைய மகள் றிப்தா என் மனைவியிடம் காசில்லாமல் கணிதம் படிக்க வருகிறாள் என்பதை அப்போது நான் நினைத்துப் பார்க்கவில்லை.

இரண்டு ஞாயிறு வேலை செய்தோம். முன் பம்பருக்குக் கீழே ஒரு தடுப்பு. பின் சில்லுகளுக்கு மூடி. பின்னால் நாலடி நீளத்தில் ஒடுங்கிக்கொண்டே போகிற வால். இவ்வளவுக்கும் வெள்ளைப் பெயின்ட். செய்து முடித்தபோது கார் மீனைப் போல இருக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். பின்பக்கமாக ஒரு கோழிக்கூட்டில் மோதி, கூட்டையும் இழுத்துக்கொண்டு வந்த கார் மாதிரி இருந்தது. முன்வீட்டுக்காரர் இரண்டு நாள் என் கண்ணைப் பார்க்காமல் பேசினார்.

வால் மாட்டியபின் வந்த முதல் சனிக்கிழமை, பெற்றோல் அடித்துவிட்டுத் தேவி கொப்பியில் கணக்குப் போட்டாள். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"பதினஞ்சு தசம் எட்டு," என்றாள்.

"என்ன?"

"பதினஞ்சு தசம் எட்டு. கூடியிருக்கப்பா."

பெற்றோல் செட்டில் நின்ற பையன்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி காற்றியக்கத்தைப் பற்றி ஒரு சிறு விளக்கம் கொடுத்தேன். இரண்டாம் கிழமை பதினாறு தசம் நாலு. மூன்றாம் கிழமை பதினாறு தசம் ஒன்பது. புதுவருட லீவு வந்த கிழமையில் மட்டும் பதின்மூன்று தசம் ஒன்றுக்குத் தடாரென்று இறங்கியது. இரவு முழுக்க யோசித்து, அந்தக் கிழமை ஹந்தானை மலைப்பக்கமிருந்து காற்று குறுக்கே அடித்திருக்கிறது என்று கண்டுபிடித்தேன். தேவியிடம் சொன்னேன். "இருக்கும்," என்றாள். பள்ளிக்கூடம் தொடங்கியதும் காற்று தன் திசைக்குத் திரும்பிவிட்டது.

அந்த நாட்களில் வீட்டிலும் ஒரு சந்தோஷம். வழக்கமாக என்னோடு ஆறு மணிக்கே இறங்குகிறவள், "நீங்கள் முன்னுக்குப் போங்கோ, நான் அடுத்த பஸ்ஸில வாறன்," என்று சிரித்துக்கொண்டு வழியனுப்பினாள். பின்னேரம் நான் வரும்போது களைப்பில்லாமல் இருந்தாள். தோள் நோகிறது, கால் வீங்குகிறது என்கிற பேச்சே இல்லை. ஒரு நாள் வடை சுட்டு வைத்திருந்தாள். கணவன் வெற்றி பெறத் தொடங்கினால் மனைவி ஆரோக்கியமாகிறாள் என்று ஒபிசில் நாலு பேருக்குச் சொன்னேன்.

ஒரே ஒரு மனவருத்தம். அது ஐந்தாம் கிழமை, பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை விசேட வகுப்பு. நான் அந்தப் பக்கம்தான் காரில் போகிறேன்.

"என்னைக் கொண்டுபோய் விடுங்கோவன். கொப்பிக் கட்டு பாரமாக் கிடக்கு."

"தேவி, பரிசோதனை நடக்குது. ஒரு ஆளு, தொண்ணூறு கொப்பி. பாரம் கூடினா லீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் போயிரும்."

"அப்பிடியோ?"

"நான் சொல்லல. சயன்ஸ் சொல்லுது."

அவள் கொப்பிக் கட்டைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தாள். கண்ணாடியில் அவள் சின்னதாகிக்கொண்டே போவதைப் பார்த்தேன். மனசு கொஞ்சம் சுட்டது. பிறகு கியரை மாற்றினேன்.

ஆறாம் சனிக்கிழமை வந்தது. தேவி கணக்குப் போட்டாள். மறுபடி போட்டாள். பேனாவை மூடினாள்.

"பதினேழு தசம் ரெண்டு. நீங்கள் சொன்னதுக்குக் கூடவே வந்திருக்கு."

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அவளே எழுதினாள்: 'இனி ஒருநாளும் கார்த் திறப்பு கேட்க மாட்டேன்.' கீழே கையெழுத்து. அவள் முகத்தில் ஒரு துளி வருத்தம்கூட இல்லை. தோல்வியை இவ்வளவு அழகாக ஏற்றுக்கொள்கிற பெண்ணைக் கட்டியிருக்கிறேனே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

வெற்றியை வீட்டுக்குள் பூட்டி வைக்க முடியுமா? மடுல்கெல்லவில் இருக்கும் பரிமளம் அக்காவுக்குப் போன் போட்டேன். வாலோடு வருகிறேன், எல்லாரையும் ரோட்டுக்கு வரச் சொல்லு என்றேன். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் புறப்பட்டோம். வழக்கமாக நான் சனி, ஞாயிறு காலைகளில்தான் வாலோடு ஓடுவேன். சித்திரை மாதம் கண்டியில் பின்னேரம் என்ன நடக்கும் என்பது இங்கே பிறந்த எனக்குத் தெரியாததல்ல. சந்தோஷத்தில் மறந்துவிட்டது.

ஹலொலுவையில் தூறியது. கட்டுகஸ்தோட்டைக்கு வரும்போது கொட்டியது. எதிரே வந்த முச்சக்கர வண்டிக்காரன் என் பம்பரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். பின்னால் வந்த பஸ் விடாமல் ஹோர்ன் அடித்தது. என் கண்டுபிடிப்புக்குக் கிடைக்கும் மரியாதை என்று நானும் கையசைத்தேன்.

சந்தியில் போக்குவரத்துப் பொலிஸ்காரர் ஒருவர் மழைக்கோட்டோடு நடுரோட்டுக்கு வந்து கையை நீட்டினார். நிறுத்தி இறங்கினேன். இறங்கினதும்தான் பார்த்தேன்.

பெயின்ட் முழுக்கக் கரைந்து தண்ணீராக ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. முன் பம்பரில் இருந்து மீசையும் இருபது பல்லும் என்னைப் பார்த்துச் சிரித்தன. இரண்டு பின் சில்லுகளிலும் ஒவ்வொரு கண். வாலின் இரு பக்கமும் முழு முகம், நாலடி நீளத்துக்கு ஒடுங்கிக்கொண்டே போய், நுனியில் 'உங்களில் ஒருவன்'.

அடுத்த கிழமை உள்ளூராட்சித் தேர்தல்.

பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார், வாகனத்தில் தேர்தல் விளம்பரம் கொண்டு போவது குற்றம் என்று தெரியாதா என்று. எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை என்றேன். எந்த 'அவருக்கு' என்று கேட்டார். பம்பரைக் காட்டினேன். சம்பந்தமில்லாதவரை ஏன் இத்தனை இடத்தில் ஒட்டியிருக்கிறாய் என்றார். காற்றியக்கம் என்பதற்குச் சிங்களத்தில் என்ன என்று எனக்குத் தெரியவில்லை. கையால் மீன் நீந்துவது போலச் செய்து காட்டினேன். அவர் கொப்பியை எடுத்து வண்டி இலக்கத்தை எழுதத் தொடங்கினார். என் அரசாங்க உத்தியோகம் கண்முன் வந்து போனது. தேர்தல் நேரத்தில் அரசாங்க ஊழியன் கட்சி வேலை பார்த்தான் என்று ஒரு கடிதம் போனால் போதும்.

அப்போது தேவி குடையை விரித்துக்கொண்டு இறங்கினாள்.

பொலிஸ்காரர் எழுதுவதை நிறுத்தினார். முகம் மலர்ந்தது. "ஆ, டீச்சர்! இன்றைக்கு ட்றைவரா?" என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

"இல்லை, ஹஸ்பண்ட்," என்றாள் தேவி, சிங்களத்தில், வெகு சாதாரணமாக.

"இதே காரில்தானே தினமும் காலையில் வருகிறீர்கள். இலக்கத்தை எழுதும்போதுதான் பிடிபட்டது. உங்கள் காரில் இதெல்லாம் இருக்காதே," என்று வாலைக் காட்டினார். பிறகு என் பக்கம் திரும்பி, இந்த டீச்சர் ஒரு நாளாவது மஞ்சள் கோட்டைத் தாண்டி நிறுத்தியதில்லை, பார்த்துப் படி என்றார். டீச்சருக்காக விடுகிறேன், எல்லாவற்றையும் இப்போதே கழற்று என்றார்.

நான் குனிந்தேன். ஈரத்தில் ஒரு நட்டும் அசையவில்லை. இந்த வாலைக் கழற்ற எனக்கு எப்போதும் இருபத்தைந்து நிமிடம் பிடிக்கும். தேவி குடையை என் கையில் தந்தாள். கைப்பையிலிருந்து ஒரு பழைய பவுடர் டின்னை எடுத்தாள். பன்னிரண்டு நட்டும் டிங் டிங் என்று அதற்குள் விழுந்தன. நான் குடை பிடித்துக்கொண்டு பார்த்தேன். இரண்டு நிமிடம் ஆகவில்லை.

"எத்தன நாளா?" என்றேன்.

"பள்ளிக்கூட நாளில மட்டும்."

"வாலோடயா போன?"

"பள்ளிக்கூடத்துக்கு ஆரும் வாலோட போவினமோ? காலமை கழட்டி வைச்சிட்டுப் போவன். ரெண்டு மணிக்கு வந்து திரும்பப் பூட்டி, உறையும் போட்டுவிடுவன்."

"அப்ப அந்தப் பதினேழு?"

"கிழமை நாளில ஓடினது நான். கூடினது என்ர ஓட்டத்தால, வாலால இல்லை."

"லீவுக் கிழமையில வந்த பதின்மூணு?"

"அது உங்கட. வாலோட."

மழையில் நின்று மனக்கணக்குப் போட்டேன். நாலடி வால், இரண்டு ஞாயிறு உழைப்பு, வெள்ளைக்காரன், மீன். எல்லாம் சேர்த்து தசம் ஒன்று.

"தேவி, நீ சாவி கேக்க மாட்டேன்னு எழுதித் தந்திருக்க."

"ஓம். கேக்கேல்லையே." கைப்பையிலிருந்து இன்னொன்றை எடுத்துக் காட்டினாள். இரண்டு வருடத்துக்கு முன் அலுமாரியின் கீழ்த் தட்டில் கிடைக்காமல் போன சாவி. அதிலும் ஒரு ஒட்டுப்பொட்டு ஒட்டியிருந்தது. "இந்த ஆறு கிழமையும் நான் உங்களிட்டத் திறப்புக் கேட்டனானோ? நீங்களும் ஏன் கேக்கேல்லை எண்டு கேக்கேல்லை."

உண்மைதான். வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

மடுல்கெல்லவுக்கு அவள்தான் ஓட்டினாள். கழற்றின வாலை வைக்க வேறு இடம் இல்லாததால், நான் பின் சீட்டில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வத்தேகம ஏற்றத்தில் நான் எப்போதும் எஞ்சினைக் கதற வைத்துத்தான் ஏறுவேன். அவள் கியரை முன்கூட்டியே மாற்றி, ஏதோ கொப்பி திருத்துகிற நிதானத்தில் ஏறினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் இவளைப் பஸ்ஸில் நிற்க வைத்தேனே என்று அதைவிட வெட்கமாக இருந்தது. இரண்டையும் சொல்ல நினைத்து, "ரோட்டு வழுக்கும், பாத்து," என்று மட்டும் சொன்னேன். அக்கா வீட்டு வாசலில் கூடியிருந்த சனம் காருக்கு வாலைத் தேடியது. பின்பு என் மடியில் இருந்த முகத்தைப் பார்த்துவிட்டு, தம்பி எந்தக் கட்சியில் நிற்கிறது என்று அக்காவிடம் விசாரித்தது.

திங்கட்கிழமை காலை. கார் முற்றத்தில் உறுமிக்கொண்டு நின்றது. முன் சீட்டில் தொண்ணூறு கொப்பிகளும் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தன. நான் பின்னால் ஏறினேன். ஒரு வழியாக எல்லாம் நல்லபடி முடிந்தது, இனி மனைவி காரிலேயே ஒபிசுக்குப் போகலாம், கட்டுகஸ்தோட்டையைச் சுற்றிப் போனாலும் உட்கார்ந்து போகலாம் என்று கால்களை நீட்டிக்கொண்டேன். கெட்டம்பே பஸ் ஹோல்டில் கார் மஞ்சள் கோட்டுக்குச் சரியாக அரை அடி முன்னால் நின்றது.

"இறங்குங்கோ," என்றாள்.

"ஏன்?"

"பாரம் கூடினால் லீற்றருக்கு அரைக் கிலோமீற்றர் போயிடுமப்பா."